ஐப்பசியில் அன்னபூர்ணா: பேஸ் கேம்ப் வரை நடந்துவர ஒரு முழு வழிகாட்டி

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. நாளைக்கு லீவு விடுவார்களா என்று பிள்ளைகள் கலெக்டரின் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் மாதம். அதே மாதத்தில் நேபாளத்து அன்னபூர்ணா மலைப்பக்கம் வானம் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும். இது தெரியாமல், "மழைக்காலத்தில் யாராவது மலைக்குப் போவார்களா" என்று என் வீட்டில் கேட்டார்கள். நானும் முதல் தடவை அதை யோசிக்காமல் செப்டம்பர் கடைசியில் போய், நான்கு நாள் நடந்தும் ஒரு சிகரத்தைக்கூடப் பார்க்காமல், கணுக்காலில் அட்டை கடித்த தழும்போடு திரும்பி வந்தவன்தான். இரண்டாம் தடவை ஐப்பசியில் போனேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டு பயணத்திலிருந்தும் வந்தது.

நான் சொல்வது அன்னபூர்ணா பேஸ் கேம்ப் பாதையை மட்டும்தான், சுருக்கமாக ஏபிசி. உயரம் 4130 மீட்டர். கயிறு, ஐஸ் கோடாலி எதுவும் வேண்டாம், வழி முழுக்கத் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, இமயமலையில் முதன்முதலாக நடக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது.

முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், தேதி தப்பினால் எதுவும் செய்ய முடியாது. தென்மேற்குப் பருவமழை நேபாளத்தில் ஜூனில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வாக்கில்தான் விலகும். அதுவும் இந்தப் பக்கம் சாதாரண மழை இல்லை, நாம் கிளம்பப் போகும் போக்கரா நகருக்கு மேற்கே இருக்கும் லும்லே என்ற ஊரில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நேபாளத்திலேயே அதிக மழை பெய்யும் இடம் அதுதான். தெற்கிலிருந்து ஏறிவரும் மேகம் முதலில் முட்டிக்கொள்வது இந்த மலைச்சுவரில். மழை விலகியதும் காற்று திசை மாறி வடக்கே இருந்து காய்ந்த காற்றாக வீசத் தொடங்கும், அத்தனை மாத மழை தூசியை எல்லாம் அடித்துக்கொண்டு போயிருப்பதால் பார்வை எட்டுகிற தூரம் கூடிவிடும். அங்கே காய்ந்து வீசும் அதே காற்றோட்டம்தான் வங்காள விரிகுடாவைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டுகிறது. ஆக நமக்கு மழை என்றால் அவர்களுக்கு வெயில்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, அதாவது கிட்டத்தட்ட நம் ஐப்பசி முழுக்க, சிறந்த காலம். நவம்பர் கடைசியில் வானம் இன்னும் தெளிவாக இருக்கும், கூட்டம் குறையும், ஆனால் மேலே இரவுக் குளிர் மைனஸ் பத்து வரை போகலாம். அக்டோபர் தொடக்கத்தை நம்பாதீர்கள். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில், பருவமழை விலக வேண்டிய நேரத்தில், காத்மாண்டுவைச் சுற்றி வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் பல நாள் அடைபட்டுக் கிடந்தன.

வறண்ட காலம் என்பதால் மழையே வராது என்று அர்த்தம் இல்லை. இது நமக்கு எளிதாகப் புரிய வேண்டிய விஷயம், ஏனென்றால் ஆபத்து வருவதும் நம் கடலிலிருந்துதான். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து, 14ஆம் தேதி, அதன் மிச்சம் அன்னபூர்ணாவின் வடக்குப் பக்கத்தில் தோரோங் லா கணவாயில் பனிப்புயலாக இறங்கியது. மலையேற வந்தவர்கள், கைடுகள், யாக் மேய்ப்பவர்கள் என்று குறைந்தது 43 பேர் இறந்தார்கள். அது வருடத்தின் சிறந்த வாரம் என்று எல்லோரும் சொல்லும் வாரம். அதனால் கிளம்புவதற்கு முன்பும் வழியில் சிக்னல் கிடைக்கும்போதும், வங்காள விரிகுடாவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆந்திரா, ஒடிசா பக்கம் புயல் கரையேறி வடக்கே திரும்புகிறது என்று செய்தி வந்தால், இருக்கிற ஊரிலேயே இரண்டு மூன்று நாள் உட்கார்ந்துவிடுங்கள். நாம் சிறுவயதிலிருந்து புயல் சின்னம் பார்த்துப் பழகியவர்கள், ஐரோப்பாவிலிருந்து வருகிறவனுக்கு இந்த வசதி இல்லை.

இதற்காகவே பயணத்தில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். டிக்கெட் போடும்போது அந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள்.

அப்புறம் பண்டிகை. நம் நவராத்திரி நேரத்தில் அவர்களுக்கு தசைன், 15 நாள் கொண்டாட்டம். விஜயதசமியை ஒட்டிய நாட்களில் போர்ட்டர், டிரைவர் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பஸ் கிடைக்காது, அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், பர்மிட் வாங்கவே திண்டாட வேண்டும். தீபாவளிக்கு அங்கே திஹார் என்று பெயர், அது இவ்வளவு தொந்தரவு இல்லை, பார்க்கவும் அழகு. நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அந்தச் சதுர்த்தசியில் அவர்கள் நாய்க்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, நல்ல சாப்பாடு போடுவார்கள். தெருநாயும் விலக்கில்லை. வழியில் வரும் சோம்ரோங் என்ற ஊரில் ஒரு கிழட்டு நாய் செவ்வந்தி மாலையோடு படிக்கட்டின் நடுவில் படுத்துக்கொண்டு யாருக்கும் வழிவிட மறுத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

முடிந்தால் பௌர்ணமி இரவு மேலே இருக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் நம் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் அல்லவா, அந்த இரவில் அன்னபூர்ணாவுக்குக் கீழே நின்றால் நாலாபக்கமும் வெள்ளைச் சோறு குவித்த மாதிரிதான் மலை தெரிகிறது. பெயரே அன்னம் நிறைந்தவள். டார்ச் இல்லாமல் நடக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

உடம்பைத் தயார் செய்வது

உயரத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இரண்டாம் நாள் தங்கப் போகும் சோம்ரோங் 2170 மீட்டர், ஏறக்குறைய கொடைக்கானல். அடுத்த நாள் வரும் தோவான் சுமார் 2600, தொட்டபெட்டா அளவு. அதற்கு மேல் ஒப்பிட தென்னிந்தியாவில் இடமே இல்லை, ஆனைமுடியே 2695தான். பேஸ் கேம்ப்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். இது உடற்பயிற்சியால் சரியாகும் விஷயம் இல்லை, மெதுவாக ஏறினால்தான் உடம்பு பழகும்.

பயிற்சி வேண்டியது கால்களுக்கு. இந்தப் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும், எல்லாம் கல் படிக்கட்டு. ஜிம்மில் டிரெட்மில் ஓடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஏதாவது மலைக்கோயில் இருந்தால் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்குங்கள். பழனி, திருச்சி மலைக்கோட்டை, எதுவானாலும் சரி, ஆறேழு கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு. வெள்ளியங்கிரி ஏறி இறங்கி மறுநாள் வேலைக்குப் போக முடிகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை, அதற்கு மேல் ஒரு விஷயம் மட்டும்: இங்கே அதை ஏழு நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். முட்டிவலி இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேப்பர், பணம், போய்ச்சேரும் வழி

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நீட்டினால் ஏற்றமாட்டார்கள் (பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் தளர்வு உண்டு). இலங்கை வாசகர்களுக்கு அந்த வருடத்தில் முதல் தடவை என்றால் 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும்.

பணம்: ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், 1993லிருந்து இதே கணக்கு, மாறவே இல்லை. நூறு ரூபாய் நோட்டு பிரச்சினையில்லாமல் செல்லும். ஐநூறு போன்ற பெரிய நோட்டு விஷயத்தில் விதி மாறி மாறி வந்திருக்கிறது, அதனால் நான் நூறாகவே கட்டு வாங்கிப் போவேன். காத்மாண்டு, போக்கரா கடைகளில் கியூஆர் வைத்திருந்தால் நம் யுபிஐ வேலை செய்யும் இடங்கள் உண்டு, 2024லிருந்து அந்த வசதி. மலையில் அதை நம்பாதீர்கள், போக்கராவிலேயே முழுப் பணத்தையும் நேபாள நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாப்பாடு, தங்கல், டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3500 நேபாள ரூபாய் வாக்கில் ஆனது, கைடு சம்பளம் தனி.

போவதற்கு இரண்டு வழி. காசும் லீவும் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. டெல்லி வழியாகக் காத்மாண்டு பறந்து, அங்கிருந்து போக்கராவுக்கு அரை மணி நேர விமானம் (வலது பக்க ஜன்னல் கேளுங்கள், மலை அந்தப் பக்கம்). பஸ்ஸில் போனால் 200 கிலோமீட்டர்தான், ஆனால் சாலை வேலை நடந்துகொண்டே இருப்பதால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இன்னொன்று ரயில், கோவை, ஈரோடு, காட்பாடி வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோரக்பூர் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து மூன்று மணி நேர பஸ்ஸில் சுனௌலி எல்லை, நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் பைரஹவாவிலிருந்து பால்பா வழியாக எட்டு ஒன்பது மணி நேரம் மலைச்சாலையில் போக்கரா. ரயிலில் போனால் அலுப்புதான், ஆனால் உபரி நாட்கள் வைத்துக்கொள்ள இது வசதி, விமான டிக்கெட்டை மாற்றும் காசில் ரயில் பயணமே முடிந்துவிடும். பண்டிகை நேரம் என்பதால் ரயில் டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றே போடுங்கள். நேபாளம் நமக்குக் கால் மணி நேரம் முந்தி, கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பர்மிட்: அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், சார்க் நாட்டவருக்கு (இந்தியா, இலங்கை உட்பட) 1000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3000. நுழைவாயிலில் பார்ப்பார்கள். இதோடு டிம்ஸ் என்ற மலையேற்ற அட்டை, சார்க் நாட்டவருக்கு அதுவும் 1000. கட்டணம் அவ்வப்போது மாறும், கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் அளவுப் போட்டோ நான்கைந்து கையில் இருக்கட்டும்.

கைடு வேண்டுமா? 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி. இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறாராக இல்லை, தனியாக நடந்தவர்களையும் பார்த்தேன். இருந்தாலும் ஐப்பசியில் கைடு வைத்துக்கொள்ளச் சொல்வேன், வழி தெரியாது என்பதற்காக இல்லை, பாதை ஒன்றுதான், தொலைந்துபோக வாய்ப்பே குறைவு. அறைக்காக. காரணம் கீழே வருகிறது.

மூட்டை கட்டுவது

ஏழு கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, டிஷர்ட் மூன்று, உடம்போடு ஒட்டும் தெர்மல் ஒரு ஜோடி (அதைத் தூங்க மட்டும் வைத்திருங்கள், நடந்து வியர்வையாக்காதீர்கள்), ஃப்ளீஸ், மழைக்கோட்டு, கம்பளிக் குல்லா, கையுறை, நல்ல சாக்ஸ் நான்கு ஜோடி. இறகு அடைத்த தடித்த ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்காதீர்கள், சென்னையில் அதை வைத்து என்ன செய்வது, போக்கரா லேக்சைடில் வாடகைக்கே கிடைக்கும். எடுக்கும்போது ஜிப்பை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மேலே போய் முதல் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் பாதியில் பல்லைக் காட்டிவிட்டது, ஊக்குப் போட்டு மூடிக்கொண்டு தூங்கினேன்.

ஷூ புதிதாக வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். ஊன்றுகோல் இரண்டு, முட்டிக்கு அது செய்யும் உதவியை எந்தத் தைலமும் செய்யாது. ஹெட்லைட், பவர்பேங்க், குளோரின் மாத்திரை அல்லது வடிகட்டி, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. சோம்ரோங்குக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதில்லை. உலோகப் பாட்டில் என்றால் ராத்திரி வெந்நீர் ஊற்றி சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், காலையில் அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும்.

நம் சாமான் மூன்று: பருப்புப்பொடி, ஒரு சின்ன டப்பா ஊறுகாய், கடலைமிட்டாய். ஏறும்போது கடலைமிட்டாய்க்கு ஈடு எந்த எனர்ஜி பாரும் இல்லை, குளிரில் கல்லாகவும் ஆவதில்லை. கோவில்பட்டிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நாள் வாரியாக

முதல் நாள் போக்கராவில் பர்மிட், வாடகைச் சாமான், சிம். காலையில் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் மச்சாபுச்சரே ஒற்றைக் கூம்பாக நிற்கும். பெயரைப் பிரித்தால் மச்சம், புச்சம், அதாவது மீன்வால். வால் எங்கே என்று தேடாதீர்கள், மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் உச்சி இரண்டாகப் பிளந்து தெரியும்.

இரண்டாம் நாள் ஜீப்பில் ஜீனு டாண்டா பக்கம். நான்கு மணி நேரம், கடைசிப் பாதி எலும்பை எண்ணிவிடும். இறங்கியதும் 287 மீட்டர் நீளத் தொங்குபாலம், நடுவில் நின்றால் கீழே மோதி ஆறு நூல் மாதிரி தெரியும். ஜீனுவிலிருந்து சோம்ரோங் வரை இடைவிடாத படிக்கட்டு, இரண்டு மணி நேரம். இங்கே கோவேறு கழுதைகள் மூட்டையோடு வரும். மணிச்சத்தம் கேட்டவுடன் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், ஒருபோதும் பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள், மூட்டை இடித்தால் அவ்வளவுதான். சோம்ரோங் குருங் மக்களின் ஊர், வீட்டுக்கு வீடு கூர்க்கா படையில் இருந்தவர்கள். வீட்டுக்காரம்மாவை தீதி என்றும் வயதில் பெரிய ஆணை தாய் (dai) என்றும் கூப்பிடுங்கள், அக்கா அண்ணன் என்பதுதான். இந்தி ஓரளவு தெரிந்தால் போதும், கதை பேசலாம்.

மூன்றாம் நாள் காலை எழுந்ததும் ஏமாற்றம் காத்திருக்கும். முந்தின நாள் கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை எல்லாம் ஓடை வரை இறங்கித் தொலைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் சினுவாவுக்கு மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போதும் இதே கதை. சினுவாவுக்கு மேலே கோழி, ஆடு எந்த இறைச்சியும் கொண்டுபோவதில்லை, அந்தப் பள்ளத்தாக்கு தெய்வங்கள் இருக்கும் இடம் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. முட்டை உண்டு. அதற்குப்பின் மூங்கில் காடு, ஊர்ப்பெயரே பேம்பூ. தோவானில் தங்குங்கள்.

நான்காம் நாள் தோவான், ஹிமாலயா (ஊர்ப்பெயர்தான்), ஹிங்கு குகை, தேவ்ராலி. பள்ளத்தாக்கு இங்கே ஒடுங்கிவிடும், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஹிங்குவிலிருந்து மேலே பனிச்சரிவு இறங்கும் பகுதி. 2020 ஜனவரியில் இங்கேதான் தென்கொரியர் நான்கு பேரும் நேபாளிகள் மூன்று பேரும் சிக்கினார்கள். ஐப்பசியில் சாதாரணமாகப் பயமில்லை, ஆனால் புதுப்பனி விழுந்திருந்தால் கைடைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள், எப்போதுமே இதைக் காலையில் சீக்கிரம், நிற்காமல் கடந்துவிடுங்கள்.

தேவ்ராலி 3200 மீட்டர். அறைப் பிரச்சினை தொடங்குவது இங்கே. இதற்கு மேல் விடுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, புதிதாகக் கட்டவும் இஷ்டத்துக்கு விடுவதில்லை, ஐப்பசியில் கூட்டமோ கூட்டம். நான் மாலை நான்கு மணிக்குப் போனேன், எல்லாம் நிரம்பிவிட்டது. சாப்பாட்டு ஹாலில் பெஞ்சு ஒட்டிப் படுக்கச் சொன்னார்கள், பதினோரு பேர். கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை படுக்க முடியாது, காலை ஐந்து மணிக்கு டீ போடுகிறவர் எழுப்பிவிடுவார். கைடு வைத்திருந்தவர்களுக்கு அவர் முந்தின நாளே போன் போட்டு அறை பிடித்து வைத்திருந்தார். கைடு வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான். இல்லாவிட்டால் விடியற்காலை கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் போய்ச்சேருங்கள்.

சீக்கிரம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. தெளிந்த காலத்திலும் பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் மேகம் கீழிருந்து புகை மாதிரி ஏறும். மலை பார்ப்பதெல்லாம் அதற்கு முன்பே.

ஐந்தாம் நாளில்தான் பெரும்பாலானோர் தப்புச் செய்கிறார்கள். தேவ்ராலியிலிருந்து நேராக ஏபிசி போய்த் தங்கிவிடுவார்கள், ஒரே நாளில் 900 மீட்டர் ஏற்றம். 3000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. தேவ்ராலி 3200, மச்சாபுச்சரே பேஸ் கேம்ப் 3700, ஏபிசி 4130. விதிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, நடுவில் ஒரு இரவு எம்பிசியில் தங்குங்கள். அரை நாள் நடைதான், மதியத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து இஞ்சி டீ குடிக்கலாம். இந்த முகாமுக்கு ஒரு கதை உண்டு: 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு மச்சாபுச்சரேயின் உச்சிக்கு வெகு அருகே போய்த் திரும்பிவிட்டது. சிவனுக்குரிய மலை என்று அதன்பின் ஏற அனுமதி இல்லை.

ஆறாம் நாள் இருட்டிலேயே, நான்கு நான்கரைக்குக் கிளம்பினால் விடியும்போது ஏபிசி. சூரியன் மச்சாபுச்சரேக்குப் பின்னாலிருந்து வருவதால் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வெயில் வர நேரமாகும், அதற்கு முன்பே எதிரே அன்னபூர்ணா உச்சியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் செம்பு நிறமாகும். பிறகு அந்த நிறம் சுவரில் மெல்ல வழிந்து இறங்கும், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. அங்கே நின்ற முப்பது நாற்பது பேரில் யாரும் பேசவில்லை, போன் ஷட்டர் சத்தம் தவிர. 8091 மீட்டர் அன்னபூர்ணாதான் எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதன் முதலில் ஏறியது, 1950 ஜூன் 3, பிரெஞ்சுக்காரர்கள் எர்சோக், லாஷ்னால். அவர்கள் ஏறியது பின்பக்கமாக. நீங்கள் பார்ப்பது தெற்குச்சுவர், அது 1970இல்தான் மசிந்தது. 1997 டிசம்பரில் இந்த மலையில் இறந்த மலையேற்ற வீரர் அனடோலி புக்ரேயெவின் நினைவுக்கல் விடுதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், கீழே பனிப்பாறை அரித்த மண்மேடு, எப்போது வேண்டுமானாலும் சரியும்.

ராத்திரி அங்கேயே தங்கலாம், தலைவலி இல்லை என்றால் மட்டும். ஏழாம் நாள் பேம்பூ வரை இறங்கி, எட்டாம் நாள் ஜீனு. ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, இருபது முப்பது நிமிட இறக்கம். ஒரு வாரம் குளிக்காத உடம்புக்கு அது என்ன சுகம் என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஒன்பதாம் நாள் போக்கரா.

சாப்பாடும் தூக்கமும்

தால் பாத் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, காய், கீரை, அப்பளம், கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள், வேறு எதற்கும் அது கிடையாது. பீட்சா, பாஸ்தா எல்லாம் மெனுவில் இருக்கும், மலையில் அதைக் கேட்டு அரை மணி நேரம் காத்திருந்து வருத்தப்படாதீர்கள். மேலே போகப் போக விலை ஏறும், முறைக்காதீர்கள். சோம்ரோங்குக்கு மேல் காஸ் சிலிண்டர்கூட ஒரு ஆளின் நெற்றியில் மாட்டிய நாம்லோ என்ற பட்டையில் தொங்கிக்கொண்டுதான் வருகிறது. அறை வாடகை கம்மி, ஆனால் தங்குகிற இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். சார்ஜிங், வெந்நீர் எல்லாவற்றுக்கும் தனிக்காசு. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், போனையும் பவர்பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள்.

தலைவலி வந்தால்

3000 மீட்டருக்கு மேல் தலைவலியோடு வாந்தி உணர்வு, பசியின்மை, தலைசுற்றல் எது சேர்ந்தாலும், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயர நோய்தான். வெயில், தூக்கமின்மை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். லேசாக இருந்தால் அதே இடத்தில் நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். கூடினால் இறங்குங்கள், ராத்திரியானாலும். ஒரு எளிய சோதனை: குதிகாலை மறுகாலின் விரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில். இரண்டும் உயிர் போகும் சமாச்சாரம், உடனே கீழே. உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை (வழக்கமாக 125 மில்லிகிராம், இருவேளை) ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 4500 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் பாருங்கள். சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு இன்சூரன்ஸில் பணம் பறிக்கும் மோசடி பற்றி 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. நடந்து இறங்க முடிகிறவரை நடந்து இறங்குவதே நல்லது, அதுதான் சீக்கிரம் குணமாகும் வழியும்கூட.

கடைசியாக, மூட்டை கட்டும்போது பையின் அடியில் ஒரு மடக்குக் குடை வையுங்கள். மலைக்கு இல்லை. ஒன்பது நாள் வெயிலில் காய்ந்துவிட்டு நீங்கள் வந்து இறங்குவது ஐப்பசி மழைக்குள்.